சீட்டில் வந்த பெயர்

ஆராதனை முடிந்த கூடத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கைமாறுகிறது. அதிலிருந்து எடுக்கும் சீட்டில் யார் பெயர் வருகிறதோ, அவருக்காக வாரம் முழுக்க ஜெபிக்க வேண்டும். தையல்காரர் தன் சீட்டைப் பிரிக்கிறார், முகம் சுண்டிப்போகிறது. அவருடைய வாடிக்கையில் பாதியை இழுத்துக்கொண்ட எதிர்க்கடைத் தையல்காரரின் பெயர். “என் சீட்ட வச்சுக்கோங்க, மாத்திக்கலாம்,” என்று மனைவி கிசுகிசுக்கிறாள். சன்னல் வெயில் அந்தப் பெயரின் மேல் விழுந்து கிடக்கிறது. “வேணாம்,” என்று எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போகிறார். “உங்களுக்காக என்ன வேண்டிக்கணும், அண்ணே?” எதிர்க்கடைக்காரர் தயங்கித் தயங்கி வலது கையை நீட்டுகிறார். விரல்கள் நடுங்குகின்றன. “ஊசியில நூல் கோக்க முடியல, தம்பி. வெளிய சொல்லிடாத.” இந்த நடுக்கம் நிற்காவிட்டால் போன வாடிக்கையெல்லாம் தன் கடைக்கே திரும்பி வரும். தையல்காரர் அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டு கண்களை மூடுகிறார். முதல் வார்த்தை வர வெகு நேரமாகிறது.