படத்துக்குக் கீழே ஒரு வரி

"கண் தெரியாதவங்க நம்ம வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்துடப் போறாங்க, மேடம்?" என்று கேட்டான் கடைசி வரிசை டிசைனர்.

பயிற்சியாளருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவன் செய்த பக்கத்தை, குரலில் வாசிக்கும் மென்பொருளிடம் விட்டாள். "படம்... படம்... படம்..." என்றது அது. வகுப்பே சிரித்தது.

"படத்துல என்ன இருக்குன்னு ஒரு வரி எழுத பத்து செகண்ட் ஆகுமா? அதுக்குக்கூட மனசு வரலையா?"

டிசைனர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இடைவேளையில் போனைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்தது. பிளம்பருக்கு அனுப்ப வேண்டிய, ஒழுகும் குழாயின் படத்தை அவசரத்தில் ஊரிலிருக்கும் அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். தினமும் அவருக்கு அவள் தன் மகளின் படத்தைத்தான் அனுப்புவாள். பதிலும் வந்திருந்தது: "பேத்தி அப்படியே உன் ஜாடைம்மா!"

அப்பாவோடு இருக்கும் அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அப்பாவோட குசும்பைப் பாத்தீங்களா அண்ணி? குழாய் என் ஜாடையாம்!"

அண்ணி சிரிக்கவில்லை.

"மாமாவுக்குப் பார்வை போய் ஒரு வருஷமாச்சும்மா. நீ பதறுவேன்னு சொல்ல விடலை. வேலை வேலைன்னு நீயும் வரலை. வர்ற மெசேஜை எல்லாம் போனே படிச்சுக் காட்டுது. நீ அனுப்பினா மட்டும் 'படம்'னு சொல்லிட்டு நின்னுடுது. அவரா எதையாவது நினைச்சுக்கிட்டு, போன்ல பேசியே பதில் போடுவார்."

அவள் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு வருஷத்துப் படங்கள். எதன் கீழும் ஒரு வரி இல்லை.

"மேடம், எல்லாப் படத்துக்கும் எழுதிட்டேன், பாக்குறீங்களா?" என்று வந்து நின்றான் டிசைனர்.