நாலு மொழிப் படம்

“படத்துக்கு நான் வரல,” என்றான் ஹம்மு.

“ஏன் வரல? நீங்க அழுததப் பார்த்துட்டு பாரிஸ்ல சனமெல்லாம் எழுந்து நின்னு கைதட்டுச்சாம். எவளாவது நடிகையக் கட்டிப் பிடிச்சீங்களா?” என்று சிரித்தாள் மனைவி இத்தோ.

“அதெல்லாம் இல்ல.”

“அப்புறம் என்ன வெட்கம்? நடிக்கிற வேலைக்கு வரிசையில நின்ன கூட்டத்துல உங்களத்தானே முதல்ல கூப்பிட்டாங்கன்னு சொன்னீங்க?”

அவன் நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

மொராக்கோவின் வர்சாசாத் நகர மண்டபத்தில் முன்வரிசை முழுக்க வெளிநாட்டு விருந்தாளிகள். பின்னால் அவர்கள் தெருச் சனம். படத்தில் நாலு மொழி பேசினார்கள். பாதியில் திரைக்கு வந்த ஹம்மு, வெள்ளைக்கார அதிகாரி வேடக்காரரின் காலைப் பிடித்துக்கொண்டு தங்கள் ஊர் அமாசிக் மொழியில் கதறினான். கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடியது: ‘எங்கள் மண்ணைப் பறிக்காதீர்கள்.’

பின்வரிசைக்கு அந்த எழுத்து தேவைப்படவில்லை.

“ஐயா, சுரங்கத்துல கால் நசுங்கிப் போச்சு. நொண்டிக்கு வேலை இல்லன்னு வரிசையிலிருந்து தொரத்துறாங்க. வீட்டுல அடுப்பு எரியல. கூட்டத்துல ஒருத்தனா ஒரு மூலையில நின்னுட்டுப் போறேன். படம் எடுக்கிறவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா!”

முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது. பின்னால் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

விளக்கு எரிந்ததும் இயக்குநர் மைக்கோடு வந்தார். அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “இவ்வளவு நல்லா நடிக்க எங்க கத்துக்கிட்டீங்க?”

ஹம்மு தலை தூக்கவில்லை. இத்தோ அவன் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“அங்க எங்க நடிச்சாரு?” என்றாள். “என்கிட்டதான் நடிச்சாரு.”