பெயர் வெளியிட விரும்பாத வாசகி

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், கையெழுத்துப் போடு" என்று பிரிவு ஒப்பந்தத்தை மனைவி முன் நகர்த்திய கணவர், பெருந்தன்மையாகப் பேனா மூடியையும் தானே கழற்றிக் கொடுத்தார்.

"குழந்தை உங்ககிட்டதான் இருக்கும்னு போட்டிருக்கே?"

"வேணும்னா வந்து பாரேன். நான் என்ன ராட்சசனா?"

"ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு..."

"வீட்டு விஷயத்துக்கு வக்கீலா? எவன் சொல்லிக் குடுத்தான்?"

அவள் ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வாசித்தாள்: "'கணவர் நீட்டும் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதே, தங்கச்சி. முதலில் உனக்கென்று ஒரு வக்கீலைப் பார்.'"

"வயித்துப் பிழைப்புக்கு எவனோ உளறியிருக்கான். அதை நம்புறியே, மண்டு!"

அவள் துண்டை அவர் பக்கம் திருப்பினாள். 'சட்டம் பேசும் அண்ணன்' கேள்வி-பதில் பகுதியின் உச்சியில், கறுப்புக் கோட்டும் புன்னகையுமாக அவருடைய படமே இருந்தது. வாரம் முப்பது கடிதங்களுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதித் தள்ளுகிறவருக்கு எதுதான் நினைவில் நிற்கும்?

"கேட்டது... 'பெயர் வெளியிட விரும்பாத வாசகி'ன்னு இருக்கே?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"நான்தாங்க. அண்ணன் சொல்லைத் தட்டலாமா? நேத்தே வக்கீலைப் பாத்துட்டேன்" என்று பேனாவை மூடிக் கொடுத்தாள்.