உடற்பயிற்சி டப்பா

"என்ன மாப்ளே, பாதி ஆளைக் காணோம்?"

கதவைத் திறந்த கண்ணாடிக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். போன தடவை சட்டைப் பொத்தான் தெறிக்க வந்து நின்ற மைத்துனன், இன்றைக்கு இடுப்பில் பேண்ட் நிற்காமல் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உடம்பைக் கொஞ்சம் கவனிக்கறேன் மாமா," என்று வெட்கத்தோடு சிரித்தான்.

காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்த மனைவிக்குத் தம்பியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "வாடா வா! பார்த்தியா, இப்பல்லாம் ஒரு சட்டையிலகூட எச்சம் கிடையாது. புறா எட்டிக்கூடப் பார்க்கறதில்லை."

"புறாக் கதையை அப்புறம் பேசு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "திரைப்படச் சங்கத்துச் செயலாளர் இப்ப வந்துடுவார். அந்தப் படத்தை எடுத்து வைக்கணும்."

அந்தப் படம் என்றால் லேசுப்பட்டதல்ல. அயல்நாட்டுக் கறுப்பு வெள்ளைப் படம். பழைய டிஸ்க் விற்கிற கடை ஒன்று விடாமல் நாயாய் அலைந்து, தேய்ந்து, பிடித்தது. நாளைக்குச் சங்கத்தில் அதைத் திரையிடுவதாக எல்லார் முன்னாலும் மைக்கைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தார். ஊரில் வேறு எவனிடமும் அது இல்லை என்கிற பெருமை, சொந்தக் கடை வைத்ததில்கூட அவருக்கு இருந்ததில்லை.

அலமாரி அறைக்குப் போய் விளக்கைப் போட்டார். பட்டப்பகலிலும் அங்கே விளக்கு வேண்டும். வெயில் பட்டால் டிஸ்க் பாழாகிவிடும் என்று பால்கனிப் பக்கத்துத் திரையை அவர் விலக்கவே விடுவதில்லை. அவரே அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மாதக்கணக்காகிறது.

கீழ்த்தட்டில் ‘வீட்டிலேயே உடற்பயிற்சி’ டப்பாக்கள் வரிசையாக இருந்தன. டாக்டர் சொன்னார் என்று மனைவியிடம் அளந்துவிட்டு வாங்கியவை. செருப்பு மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்குகிற மனிதர் உடற்பயிற்சியாவது, ஒன்றாவது! எல்லாம் வேஷம்.

மைத்துனன் ஓர் இரவல் மன்னன். வாங்கிக்கொண்டு போன படம் ஒழுங்காகத் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. ஒன்றை டீ கிளாசுக்கு அடியில் வைத்து, வட்டக் கறையோடு கொண்டுவந்து நீட்டினான். அன்றைக்கே தன் அபூர்வப் படங்களை எல்லாம் உருவி, இந்த டப்பாக்களுக்குள் மாற்றி ஒளித்துவிட்டார். அந்தச் சோம்பேறி உடற்பயிற்சி டப்பாவைத் தொடுவானா? மனைவியிடமும் மூச்சுவிடவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் தம்பிக்குத் தெரிந்த மாதிரிதானே!

முதல் டப்பாவைத் திறந்தார். காலி.

அடுத்ததும் காலி. ஒவ்வொன்றாகத் திறந்து தரையில் எறிந்தார். ஒன்றில்கூட டிஸ்க் இல்லை. சட்டென்று மைத்துனனின் இளைத்த இடுப்பு கண் முன்னால் வந்து நின்றது.

அடப் பாவி!

காலி டப்பாவும் கையுமாக ஹாலுக்குப் பாய்ந்தார். "எப்படிடா இளைச்சே?"

"நடக்கறேன் மாமா. சர்க்கரைன்னு டாக்டர் பயமுறுத்திட்டார்."

"புளுகாதே! உடற்பயிற்சி பண்ணலாம்னு இதுல இருந்த டிஸ்கைச் சுட்டுட்டுப் போனே. போட்டுப் பார்த்தா என் படம். சரி, கிடைச்ச வரைக்கும் லாபம்னு அமுக்கிட்டே. அதானே?"

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே புரியலை மாமா. அந்த டீ கிளாஸ் விஷயம் என் தப்புதான். அதுக்காக இன்னும் எத்தனை காலம்..."

"செயலாளர் வந்து கேட்டா மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வச்சுக்கறது? எத்தனை வருஷமாத் தேடினது தெரியுமா? திருட்டுப் பயலே!"

மைத்துனன் முகம் செத்துவிட்டது. எழுந்துபோய்ச் செருப்பை மாட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. "இனிமே இந்த வாசப்படியை மிதிச்சேன்னா என்னன்னு கேளுங்க."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, சத்தம் கேட்டு ஓடிவந்தாள். "என்னங்க இது, வீட்டுக்கு வந்த பிள்ளையைத் திருடங்கறீங்க? அப்படி என்னத்தைக் காணோம்?"

"என் உயிரையே காணோம்! உன் தம்பி கண்ணுல படக் கூடாதுன்னு நல்ல படத்தையெல்லாம் இந்த உடற்பயிற்சி டப்பாவுலதான் ஒளிச்சு வச்சிருந்தேன். அத்தனையும் போச்சு!"

"அதுக்குள்ள இருந்தது... உங்க படமா?"

அவள் கையிலிருந்த வெள்ளைச் சட்டை நழுவிக் கீழே விழுந்தது. வாசலில் அழைப்புமணி அடித்தது. செயலாளர்தான். யாரும் கதவைத் திறக்கப் போகவில்லை.

அவள் மெல்ல அலமாரி அறைக்குப் போனாள். ஆண்களும் பின்னால் போனார்கள். பால்கனித் திரையை ஓரமாக இழுத்தாள். உச்சி வெயில் பளீரென்று உள்ளே பாய, சுவரெல்லாம் வானவில் நிறத்தில் வட்ட வட்டமாக வெளிச்சம் ஓடியது.

"உங்க படத்துல கை வைக்கக் கூடாதுன்னுதாங்க, புறாவை விரட்ட அந்த உடற்பயிற்சி டிஸ்கைக் கட்டித் தொங்கவிட்டேன்!"