ஒன்றரை ஆம்பியர்

"மொட்டைமாடி முழுக்க சோலார் பேனலா விரிச்சு வெச்சிட்டுப் போன. பேட்டரி வேற. இனிமே ஈ.பி. கரண்டு வூட்டுக்குள்ள வராதுன்னு சொன்னது யாரு, நீதானே?"

கொளஞ்சிநாதன் மின்சார அட்டையை பூர்ணிமாவின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"நான்தான் சார்."

"அப்ப இந்த ஐந்நூறு யூனிட்டு எங்கேருந்து வந்துது?"

பூர்ணிமா ஃபோனைப் பார்த்தாள். இன்வெர்ட்டரின் ஆப்பில் வெளியிலிருந்து வந்த கரண்டு பூஜ்யம். ஈ.பி. மீட்டரில் ஐந்நூறு. விருத்தாசலத்தில் அவள் மாட்டிய முதல் மூன்று பேஸ் இன்வெர்ட்டர் இது.

"மெதுவா பேசுங்க சார். பக்கத்து வூட்டுக்குக் கேக்குது."

"கேக்கட்டும்னுதான் பேசறேன். நான் ஏமாந்ததைக் கேட்டுச் சிரிக்கட்டும், கருங்காலிப் பய."

மதிலுக்கு அந்தப் பக்கம் ராஜாங்கம் வீடு. இன்வெர்ட்டர் மாட்ட வந்த அன்றே பூர்ணிமா அந்தக் கதையை முழுசாகக் கேட்டிருந்தாள். இருவரும் ஒரே செராமிக் ஃபேக்டரி. கொளஞ்சிநாதன் அங்கே சங்கத் தலைவர். களிமண் அரைக்கிற இடத்தில் தூசி உறிஞ்சும் மிஷின் வேண்டும் என்று நாற்பது நாள் ஸ்டிரைக். நாற்பத்தோராம் நாள் காலையில் ராஜாங்கம் கேட்டைத் தாண்டி வேலைக்குப் போனார். அவர் பின்னால் இருபது பேர். ஸ்டிரைக் உடைந்தது. மிஷின் வரவே இல்லை. ஆச்சு முப்பது வருஷம். சுவரை ஒட்டிச் சுவராகக் குடியிருந்தும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

"நான் டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள கண்டுபிடிச்சி வெய்யி." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பூர்ணிமா மீட்டர் போர்டைத் திறந்தாள். மூன்று ஒயரிலும் ஒயருக்கொரு வளையம் மாட்டியிருந்தாள். இன்வெர்ட்டருக்கு அதுதான் கண். வளையத்தைத் தாண்டி வீட்டுக்குள் வரும் கரண்டுதான் அதற்குத் தெரியும். ஒரு வளையமும் திரும்பி இல்லை, இடம் மாறி இல்லை. கடைசியில் வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்தாள்.

வீட்டுக்குள் ஃபேன் நின்றது. ஈ.பி. மீட்டர் நிற்கவில்லை. மூன்றாவது பேஸில் மட்டும் ஒன்றரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தாள். மீட்டருக்கும் வளையத்துக்கும் நடுவிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் புறப்பட்டு, போர்டுக்குப் பின்னால் இறங்கி, அவரைக்கொடிக்குள் புகுந்து, மதிலேறி, ராஜாங்கம் வீட்டு ஜன்னலுக்குள் போனது.

திருட்டு. தன் பெயர் தப்பித்தது என்று பூர்ணிமா மூச்சு விட்டாள்.

"சொல்லிடாத கண்ணு."

பின்னால் கொளஞ்சிநாதனின் மனைவி பூங்கோதை நின்றிருந்தாள். கையில் மோர் டம்ளர்.

"நீங்களாம்மா?"

"அந்த மனுசனுக்கு நெஞ்சு பூரா தூசி. ராவும் பகலும் ஆக்ஸிஜன் மிஷினோட கெடக்கறாரு. அவங்க வூட்டு ஒத்த பேஸுல வோல்டேஜு எறங்கி எறங்கி மிஷின் கத்துது. நம்ம மூணாவது பேஸு நல்லா இருக்குதுன்னு, ஆள வெச்சி நான்தான் இழுத்துக் குடுத்தேன். மீட்டர்கிட்டயே எடுத்தா இவரு ஃபோன்ல காட்டாதுன்னு அந்த ஆளு சொன்னான்."

"ஃபோன்ல காட்டலம்மா. மீட்டர்ல காட்டிடுச்சு."

"இவருக்குத் தெரிஞ்சா இப்பவே அறுத்துப் போட்டுடுவாரு. அந்த மனுசனுக்கு மூச்சு நின்னுடும்."

மதிலுக்கு அப்பால் மிஷின் புஸ், புஸ் என்று விட்டு விட்டு ஊதுவது கேட்டது.

கொளஞ்சிநாதன் திரும்பி வந்தார். "என்ன, ஆப்ட்டுச்சா?"

பூங்கோதை டம்ளரை இறுகப் பிடித்தாள்.

"மூணு பேஸும் சமமா ஓடாட்டி கொஞ்சம் இழுக்கும் சார்" என்றாள் பூர்ணிமா.

"ஐந்நூறு யூனிட்டு கொஞ்சமா?"

"நான் கனெக்‌ஷன் குடுத்ததுல தப்பு சார். என் தப்புதான்."

அவர் அவளையே பார்த்தார். பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்தத் தொண்டையில் அப்படி ஒரு குரலும் உண்டு என்பது பூர்ணிமாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஏம்மா, அந்த ஒயரை நீ பாக்கலையா, பாத்துட்டு மறைக்கறியா?"

பூர்ணிமா டார்ச்சை அணைத்தாள்.

"அவ இந்த வூட்ல ஒரு செடி வெச்சதில்ல. திடீர்னு மதில் ஓரத்துல மட்டும் அவரைக்கொடி ஏத்தினா எனக்குத் தெரியாதா?"

"அப்ப என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"ஈ.பி. கரண்டு போனா அந்த மிஷினும் நின்னு போவுது. போன வாரம் ஒரு மணி நேரம் கரண்டு இல்ல. அவன் மூச்சு இழுக்கற சத்தம் இங்க கேக்குது. இந்தப் பக்கம் என் பேட்டரி நெறஞ்சி கெடக்குது. அந்த லைனைப் பேட்டரி பக்கம் மாத்திடு. இவளுக்குத் தெரிய வேணாம். அவனுக்குச் சுத்தமா தெரிய வேணாம்."

பூர்ணிமா ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். "மாத்திட்டா ஈ.பி. யூனிட்டும் ஓடாது சார்."

"அதைத்தானே நீ வந்ததுலேருந்து கத்திக்கிட்டிருக்கேன்."

அவள் போர்டிலிருந்து நிமிர்ந்தாள். "கருங்காலின்னு சொன்னீங்களே சார்."

"கருங்காலிதான். அதுல மாத்தமே இல்ல."

மதில் பக்கம் திரும்பினார்.

"ஆனா அன்னிக்கு நாங்க மிஷின் கேட்டது அவனுக்கும் சேத்துத்தாம்மா."