பெருக்கலில் ஓர் ஓட்டை

பேச்சிமுத்துவுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. நின்றபடியே மேலாளருக்குத் திரையைக் காட்டினான். திரையில் படம் காட்ட அவர்கள் எழுதிய கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருள், படத்தின் அகலத்தை உயரத்தால் பெருக்கும்போது, எண் கொள்ளாமல், வண்டி மீட்டர் முழுச்சுற்று முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பின மாதிரி சின்னதாகிவிடுகிறது. உடனே அது நினைவகத்தில் ஒரு சட்டியளவு இடம் ஒதுக்கி, அதில் ஒரு லாரி மணலைக் கொட்டுகிறது. சிதறும் மணல் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புப் பூட்டை உடைக்கிறது.

"அவ்ளோ பெரிய படத்தை எவன்யா அனுப்புவான்?"

"திருடன் அனுப்புவான் சார். எங்க அக்கா வேலை பாக்குற ஆஸ்பத்திரிக்கும் இந்த டிரைவர்தான் போகுது. அளவு பாக்க புரோகிராம்ல ஒரு வரி எழுதுனா போதும்."

"நாளைக்கு ரிலீஸ். அபசகுனமா பேசாத."

மறுநாள் மேலாளர் சர்வருக்குக் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார். பொறியாளர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"திருஷ்டி கழிஞ்சுதுடா முத்து. எவன் வருவான் இனி?"

டிரைவர் அந்த ஓட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர்ந்தது. நோயாளிகளுக்குத் தரவேண்டிய, அளவு பார்க்கும் அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.