லேசான சந்தேகம்

“சந்தேகத்துல லேசு, கனம்னு இருக்காம்மா?” என்று கேட்டார் அவர். ஸ்கேனுக்காகத் தடவிய ஜெல் கழுத்தில் இன்னும் பிசுபிசுத்தது. கையிலிருந்த அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

எதிரே நின்ற இளம் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினாள். தைராய்டின் வலது பக்கத்தில் சின்னக் கட்டி. பலருக்கும் இருப்பதுதான், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஓரம் ஒழுங்காக இருக்கிறது, சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லை. ஊசி குத்திச் சோதிக்கிற அளவுக்குப் பெரிதும் இல்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் போதும்.

“ஒண்ணும் இல்லைன்னா மறுபடி எதுக்கு எடுக்கணும்? ஏதாவது இருந்தா எதுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்?”

அவளுக்கு வியர்த்தது. முதலில் அவள் சொல்வதைக் கேளுங்கள் என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கேட்கிற நிலையிலா இருந்தார்? புற்றுநோய் என்று அந்த அறையில் யாருமே சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் அது மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது.

“மூணாம் வகைன்னு போட்டிருக்கே, மொத்தம் எத்தனை வகை?”

“அஞ்சு சார்.”

“அப்ப நான் பாதியைத் தாண்டிட்டேனா?”

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் கடைசி வரிக்கு வந்தார். “மற்ற அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். யாரு ஒப்பிடணும்? நீயா, நானா, என் பொண்டாட்டியா? இதைப் படிச்சிட்டு ஒரு மனுஷனுக்குச் சோறு இறங்குமா? இப்படி எழுத உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?”

இளம் டாக்டர் மனைவியைப் பார்த்தாள். மனைவி கூரையைப் பார்த்தாள்.

“நீங்கதான் சார். வேலைக்குச் சேந்த அன்னைக்கே, இந்த வரியை மட்டும் மாத்தாதேன்னு சொன்னீங்க.”

அவர் அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆணியில் தொங்கிய தன் வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். முந்தின நாள் அவரிடம் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஒரு பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் கையெழுத்திட்ட அறிக்கையை நீட்டி, “டாக்டர், இந்த லேசான சந்தேகம்னா என்னங்க?” என்றாள்.

“எனக்கும் அதேதாம்மா,” என்றார் அவர். “உள்ள வாங்க, இந்தப் பொண்ணு சொல்லும். ரெண்டு பேரும் சேந்தே கேப்போம்.”